திரும்பிப் பார்க்காத கடல்

"யாருக்குத்தா திதி?"

நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் ஊர் சிட்டு கேட்ட கேள்வி இது. தலையில் புல்லுக்கட்டு. அதை இறக்கக்கூட இல்லை. உடம்போடு திரும்பி, என் கையிலிருந்த தூக்குச்சட்டியையும் என் தங்கை ராக்கு கட்டியிருந்த புதுச்சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திதியெல்லாம் இல்லத்தா. சும்மா கடலப் பாக்கப் போறோம்" என்றாள் ராக்கு.

"சும்மாவா?"

"சும்மாதான்."

சிட்டு அடுத்து ராக்குவின் கணவர் சேதுவைப் பார்த்தாள். ஆம்பளையாவது உண்மையைச் சொல்லமாட்டாரா என்ற பார்வை. சேது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் செருப்பைப் பார்ப்பார்.

"சும்மா யாராச்சும் கடலுக்குப் போவாகளா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சிட்டு போய்விட்டாள்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே, மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற ஊர் எங்களுடையது. கடல் அரை நாளில் போய்த் திரும்புகிற தூரம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் "கடலுக்குப் போறோம்" என்றால், கேட்கிறவர்கள் முதலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். யார் என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். போன வாரம் எழுதிய எருமைக்கதைக்கு அதிகமாகச் சிரித்தார்களாம். இந்த வாரத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

முதுகுக்குப் பின்னால்

ராக்கு அதற்கு முன் இரண்டு முறை கடலுக்குப் போயிருக்கிறாள். இரண்டு முறையும் நானும் கூடப் போனேன். முதல் முறை அய்யாவின் சாம்பலைக் கரைக்க. இரண்டாவது முறை அம்மாவின் சாம்பலைக் கரைக்க. இரண்டும் சேதுக்கரையில்.

அய்யாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள்தான். அதனால் சித்தப்பா மகன் கலயத்தைச் சுமந்து வந்தான். விடிந்தும் விடியாத நேரம். எங்களை இடுப்பளவு தண்ணீரில், கடலுக்கு முதுகு காட்டி, கரையைப் பார்த்து நிற்கவைத்தார்கள். அவன் கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் போட்டான். முங்கி எழுந்தோம்.

"திரும்பிப் பாக்காம ஏறி வாங்க" என்றார் காரியம் செய்துவைத்தவர். திரும்பிப் பார்த்தால் போகிறவர் போகமாட்டார், நம் பின்னாலேயே வந்துவிடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

ராக்குவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அய்யாவின் செல்லம். அவள் திரும்பப் போனாள். சித்தப்பா அவள் பின்கழுத்தில் கை வைத்து முகத்தை நேராக்கிவிட்டார். அப்படியே பிடித்த பிடியில் கரை வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார்.

வரும்போது திரும்பக் கூடாது சரி, போகும்போது பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போகும்போது எங்கே பார்த்தோம்? அய்யா இருந்த கலயத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனோம்.

அம்மாவின் முறை வந்தபோது எங்கள் கழுத்தை யாரும் பிடிக்கவில்லை. பழகிவிட்டது.

நான் பிறகு கடலைப் பார்த்தேன். பரமக்குடி தொலைபேசி நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை. வேலை விஷயமாக ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் பாம்பன் பாலத்தில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். ராக்கு பார்க்கவில்லை. வாக்கப்பட்டதும் உள்ளூரிலேயே. ஆடு, மாடு, மிளகாய்க் காடு. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்து ஒரு இடத்துக்குப் போகாமலே இருப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை.

எல்லாம் மிளகாய்தான்

மாசியில் எங்கள் ஊருக்குள் நுழைந்தால் முதலில் வரவேற்பது நெடி. களமெல்லாம் சிவப்பாக முண்டு மிளகாய் காயும். குழந்தை தும்மும், நாய் தும்மும், கும்பிடப் போனால் பூசாரி தும்முவார். கண் எரிவதும் கண்ணில் தண்ணீர் வழிவதும் அங்கே நோயில் சேராது. விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு அடுத்த சாக்கைப் பிரிப்பார்கள்.

ராக்குவின் கண்ணை இந்த மிளகாய்தான் மறைத்துவிட்டது. மிளகாய் கெடுத்தது என்று சொல்லவில்லை, அது பாவம். எரிகிறதா, மிளகாய். மங்குகிறதா, மிளகாய். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதா, அதுவும் மிளகாய். பக்கவாட்டில் வந்த மாடு முட்டித் தள்ளியது. "மாடு வந்தது தெரியலையாடி?" என்று கேட்டேன். "கண்ணுல நெடிக்கா" என்றாள். நானும் சரி என்றேன், சேதுவும் சரி என்றார், மொத்த ஊரும் சரி என்றது. கண் எரியாத ஊரில் பிறந்திருந்தால் ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

கடைசியில் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே அங்கங்கே சின்ன விளக்கு எரியும், தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். ராக்கு ரொம்ப நேரம் அழுத்தவே இல்லை. "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று பரிசோதித்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. பரிசோதனை பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வருமாம். "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறதக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. ரொம்ப முத்திப்போய் வந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு. அதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"இப்ப எம்புட்டுத்தான் தெரியுது?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

ராக்கு தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இம்புட்டு" என்றாள்.

"எதாச்சும் பாக்கணும்னு இருந்தாச் சொல்லுடி. எங்கனன்னாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். திருப்பூரில் இருக்கும் மகளைச் சொல்வாள், இல்லையென்றால் பழனியைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"கடலு" என்றாள்.

"பாத்திருக்கியேடி."

"எங்க பாத்தேன்? ரெண்டு வாட்டியும் முதுகத்தான காட்டுனோம். அய்யாவையும் அம்மாவையும் எதுக்குள்ள விட்டுட்டு வந்தோம்னு ஒருக்காப் பாக்கணும்க்கா. கண்ணு போறதுக்குள்ள பாத்துட்டா எனக்குப் போதும்."

மறுநாளே போயிருக்க வேண்டும். போகவில்லை. பழம் எடுக்கிற நேரம் என்றார் சேது. பழம் எடுத்தபின் காய வைக்க வேண்டும் என்றார். காயும்போது மாசியில் பெய்யக் கூடாத மழை ஒன்று பெய்தது. தார்ப்பாயைப் போடு, எடு, போடு, எடு. நான் பரமக்குடியிலிருந்து போனில் கத்துவேன். "கடலு எங்கக்கா போயிறப் போகுது?" என்று ராக்குவே சொல்வாள்.

கடல் எங்கும் போகவில்லைதான். ஒரு நாள் போனில் அவளாகவே சொன்னாள்: "வளையல் இப்ப மோதிரமாயிருச்சுக்கா."

மறுநாள் காலை நான் ஊரில் இருந்தேன். சேதுவிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பத்திரிகை தாங்காது.

இல்லாத ஊரணி

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். காதுதான் எனக்குச் சோறு போட்டது. ட்ரங்க் கால் காலத்தில் ஒருவர் "ஹலோ" சொன்னதுமே அது கல்யாணச் சேதியா சாவுச் சேதியா என்று எனக்குத் தெரிந்துவிடும். பொய் சொல்கிறவர்கள் சொல்லின் கடைசி எழுத்தை விடாமல் இறுக்கிப் பிடிப்பார்கள். உண்மை பேசுகிறவர்கள் அதைத் தளர விட்டுவிடுவார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் காதில் இருக்கிறது. ராக்குவிடம் மட்டும் எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

பங்குனி வெயிலில் பஸ் போய்க்கொண்டிருந்தது. ராக்கு ஜன்னலோரம். முகத்தை வெளியே நீட்டி, எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தாள்.

"அந்தாருக்கு ரெட்டப் பனை. அந்தா ஊரணி. தண்ணி கெடக்குக்கா."

கடைசி எழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் காட்டிய இடத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. ஊரணியைத் தூர்த்து அதைக் கட்டி எவ்வளவோ காலமாகிறது. பனை இரண்டும் இல்லை.

"ஆமாடி, கெடக்கு" என்றேன்.

அவள் பார்க்கவில்லை, ஞாபகத்திலிருந்து ஒப்பிக்கிறாள் என்று அப்போது தெரிந்துவிட்டது. எங்களை ஏமாற்றுவதற்கு அல்ல. எங்களுக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வாலிநோக்கம்

சிக்கல் என்ற ஊரில் இறங்கி, வாலிநோக்கம் கடற்கரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் அந்தக் கரைக்காரர், பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர்.

"நம்ம பக்கம் ஆண் கடலும்மா. தொண்டிப் பக்கம் பொண்ணு கடலு, அது சத்தம் போடாது. ஆனா பங்குனியில ஆணும் அடங்கித்தான் கெடக்கும். இன்னைக்குக் காத்தும் கரைக் காத்து. குளம் மாதிரி இருக்கும், பாருங்க."

"எங்க வீட்டு ஆணும் அப்பிடித்தான்" என்றாள் ராக்கு. ஆட்டோக்காரர் சிரித்தார். சேதுவும் சிரித்தார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கரையில் வள்ளங்களை ஏற்றிப் போட்டிருந்தார்கள். நீலமும் பச்சையுமாகப் பெயின்ட். வலைகளை விரித்து, பெண்கள் அதில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நெத்திலி காய்ந்தது. சுடுமணலும் மீன் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கடலப் பாக்கவா வந்தீக? நாங்க தெனமும் பாக்குறோம், என்னத்தக் கண்டோம்" என்றார். ராக்கு அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள். அப்போதே ஒரு நங்கூரக் கயிறு தடுக்கி விழப் போனாள். சேது பிடித்தார்.

"இங்கனயே பாத்துருவோமே" என்றார் சேது.

"இங்கன படகா நிக்குது, மறைக்கும். ஆட்டோக்காரரு சொன்ன மேட்டுல இருந்து பூராத்தையும் பாக்கணும்" என்றாள் ராக்கு.

அந்த மேட்டுக்குப் போக இப்போது ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். வள்ளங்கள் நிற்கும் இடத்தில் தொடங்கி, தாழம்புதருக்கும் உடைமரத்துக்கும் நடுவில் வளைந்து, மணல்மேடு ஏறி இறங்கிக் கடற்கரையோடு போகிறது. வழியெல்லாம் ஆமை படம், பவளப்பாறை படம், குப்பை போடாதீர் பலகை. பலகைக்கு அடியிலேயே குப்பை. முதுகில் பை மாட்டிக்கொண்டு மதுரைப் பிள்ளைகள் கூட்டமாக நடக்கிறார்கள். ட்ரெக்கிங்காம். எங்கள் ஊரில் ஆடு ஓட்டிக்கொண்டு தினம் இதைவிட அதிகமாக நடக்கிறவர்களுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடம் அழகுதான். வலது பக்கம் கடல். இடது பக்கம், பாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பளம். உப்பைக் கூட்டிக் குவித்த காலம் அது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் பளபளக்க, நடுவில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள்.

மேடையில்

மணல்மேட்டின் உச்சியில் நின்று பார்ப்பதற்கு ஒரு மேடை கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. ஏறுகிற இடத்தில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. குனிந்தேன். சேது கீழே பலகைக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ராக்கு காத்திருக்கவில்லை. கம்பியைத் தடவிக்கொண்டே மேலே ஏறிவிட்டாள்.

நான் நிமிர்ந்தபோது அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். உப்பளத்தைப் பார்த்து.

"யாத்தே" என்றாள். "எம்புட்டுப் பெருசுக்கா."

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆட்டோக்காரர் சொன்னது சரி, கடல் குளம் மாதிரி கிடந்தது. காதை வைத்துப் பக்கம் கண்டுபிடிக்க ஒரு சத்தம் இல்லை. காற்றும் உப்பளத்துப் பக்கமிருந்துதான் வந்தது.

"பூரா வெள்ளையா மினுங்குதுக்கா. இம்புட்டு வெளிச்சமா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசி எழுத்துத் தளர்ந்து விழுந்தது. உண்மையான சந்தோஷம். அய்யா போன பிறகு அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அவள் கம்பியை விட்டுவிட்டுக் கையைக் குவித்துக் கும்பிட்டாள். "அய்யா, அம்மா, இதுக்குள்ளதான இருக்கீக. பாத்துட்டேன். நல்ல எடந்தான்" என்று உப்பளத்திடம் சொன்னாள்.

தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்த சேது அதைப் பார்த்துவிட்டார். "ராக்கு, அது..." என்று ஆரம்பித்தார். வாழ்க்கையில் ஒரு முறை உடனே பேச வந்தார், அதுவும் அந்த நேரத்தில். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினேன். அவர் புரிந்துகொண்டார். பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இதையே அவளுக்குக் கடலாக விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? அதுவும் கடல் தண்ணீர்தானே. பாத்திகட்டி நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படியே இறக்கிக் கூட்டிக்கொண்டு போய், பஸ் ஏற்றி, வீட்டில் விட்டுவிடலாம். சாகும் வரைக்கும் கடலைப் பார்த்தவளாக இருப்பாள். ஊரில் யாரும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

உப்பு ஏற்றிய லாரி ஒன்று பாத்திகளுக்கு நடுவே வரப்பின் மேல் வந்துகொண்டிருந்தது. எதிரில் வண்டியோ ஆளோ இல்லை. எதற்கு அடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீளமாக இன்னொரு முறை அடித்தான். பிறகு கியர் மாற்றி, உறுமிக்கொண்டு மேடேறினான்.

ராக்குவின் கை குவித்தபடியே இருந்தது.

"யக்கா, கடல்ல லாரி வருதா?"

பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன் சிரித்துவிட்டான். வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான். கூட இருந்த பெண் ராக்குவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையில் அடித்தாள். எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

ராக்கு கையைப் பிரித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உப்பளமா?"

"ஆமாடி."

"கடலு?"

தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அவளுக்கு நேரே கடல். உச்சி வெயிலில் வானமும் தண்ணீரும் ஒரே நிறத்தில், நடுவில் கோடுகூட இல்லாமல் இருந்தன. அவள் தலையை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கோழி பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"எங்கன?"

"நேராத்தான்டி. ஒனக்கு முன்னாடிதான்."

"ஒண்ணுமே இல்லையேக்கா. அதாச்சும் வெள்ளையாத் தெரிஞ்சுச்சு."

"மோதிரம்னு சொன்னியே?"

"போன்ல சொன்னது போன மாசக் கணக்குக்கா. இப்ப ஊசிக் காது" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது. சேது அகப்பட்டார். "பழம் எடுக்கணும், காய வைக்கணும், தார்ப்பாய் போடணும். எல்லாம் ஆச்சா? ஒரு பகல், ஒரே ஒரு பகல் ஒன்னால விட முடியலையா?" அவர் மேடைப்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அவர வையாதக்கா" என்றாள் ராக்கு. "நானுந்தான மிளகாய் மிளகாய்னு சொன்னேன்."

தண்ணீரில்

கீழே இறங்கிக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கேட்டாள். முழங்காலளவு தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது. கால் விரலுக்கடியில் மணல் கரைந்து போனது. சேது கரையிலேயே எங்கள் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் முன்பக்கம் பார்த்து நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து நின்றாள். வெகு தூரத்தில் ஏதோ படகு போயிருக்க வேண்டும். அது கிளப்பிய சின்ன அலை ஒன்று வந்து எங்கள் பின்னங்காலில் தட்டியது.

"இது கடலு" என்றாள். "இது எனக்குத் தெரியும்."

இந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். கண்ணில்லாவிட்டால் என்ன, உடம்பால் பார்த்துவிட்டாள் என்று எழுதலாம். பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. அவள் பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள், நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே நடந்தது அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போவமாக்கா" என்றாள்.

இரண்டு பேரும் கரையைப் பார்த்து நடந்தோம். சேலை ஈரத்தில் காலோடு ஒட்டியது. தண்ணீரைத் தாண்டி ஈர மணலில் கால் வைத்ததும் என் வாய் தானாகச் சொன்னது.

"திரும்பிப் பாக்காம வா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பழக்கம். ஈரச்சேலையோடு கடலிலிருந்து ஏறினால் எங்கள் ஆட்கள் சொல்லுவது அது ஒன்றுதான். வேறு வார்த்தை எங்களுக்குத் தெரியாது. நாக்கைப் பிடுங்கிக் கொள்ளலாம் போல இருந்தது.

ராக்கு நின்றாள். கோபப்படவில்லை.

"நான் திரும்பி என்னத்தக்கா பாக்கப் போறேன்" என்றாள். பிறகு, "ஒண்ணு சொல்றேன், கேக்குறியா?"

"சொல்லு."

"அடுத்த வாட்டி நீங்க எல்லாம் என்னையக் கொண்டுக்கிட்டுத்தான் கடலுக்கு வருவீக. அன்னைக்கும் திரும்பிப் பாக்காதம்பாக. கழுத்தப் பிடிப்பாக. நீ கேக்காத. எனக்காக நீ ஒருக்காத் திரும்பி நல்லாப் பாத்துரு."

"மூத்தவ நானிருக்கேன். யாரு யாரக் கொண்டுக்கிட்டு வாரதுன்னு ஒனக்கு யாருடி சொன்னா?" என்று கத்தினேன். தள்ளி, வள்ளங்களின் பக்கம் நண்டு கழற்றிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"பாப்பியா, மாட்டியா?"

சேது செருப்புகளோடு எதிரே நின்றார். இந்த முறை அவர் செருப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சரி" என்றேன்.

ராக்கு உடனே நகரவில்லை. ஒரு காதை என் பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, நான் அந்தச் 'சரி'யின் கடைசி எழுத்தை இறுக்கிப் பிடித்தேனா தளர விட்டேனா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.